இதயத்துக்கு 12 ஆண்டு, நுரையீரலுக்கு 6 ஆண்டு: இந்த எண்கள் எப்படி வருகின்றன?

கேட்கப்பட்டது இதுதான். உறவினர் ஒருவருடைய நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே வருகிறது. மாற்று அறுவை சிகிச்சைக்குப் பெயரைப் பதிவு செய்யலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் தேடிப் படித்தவர்கள், இதய மாற்றுக்குப் பின் பாதிப் பேர் 12 ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள், நுரையீரல் மாற்றுக்குப் பின் ஆறேழு ஆண்டுதான் என்று கண்டு கலங்கிப்போயிருக்கிறார்கள். மார்புக்கூட்டுக்குள் அருகருகே இருக்கும் இரண்டு உறுப்புகளுக்கு ஏன் இவ்வளவு வேறுபாடு, அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கேள்வி.

நான் அறுவை மருத்துவன் அல்லன். இத்தகைய ஆய்வுகளின் கணக்குப் பகுதியைப் படித்துச் சரிபார்ப்பதே என் வேலை. ஆகவே என் பதில் அந்தப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். எண்கள் பொய் இல்லை. ஆனால் ஓர் உயிர்வாழ்வு எண் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கப்பட்டது, யாரை விட்டுவிட்டு எண்ணப்பட்டது, எதனுடன் ஒப்பிடப்பட்டது என்று தெரியாமல் அதைப் படித்தால், உண்மையான எண்ணே தவறான முடிவுக்கு இழுத்துச் சென்றுவிடும். மாற்று அறுவை சிகிச்சை வரலாற்றில் இது பெரிய ஆய்வாளர்களுக்கே நேர்ந்திருக்கிறது.

முதலில் அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். உலகெங்கும் உள்ள மையங்களிலிருந்து இதய, நுரையீரல் மாற்றுகளின் விவரங்களைப் பன்னாட்டு இதய நுரையீரல் மாற்றுக் கழகம் 1980-களிலிருந்து திரட்டி வருகிறது. அதன் பதிவேட்டின்படி, 2002 முதல் 2009 வரை இதய மாற்றுப் பெற்ற பெரியவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு சுமார் 12.5 ஆண்டு, 2010-க்குப் பின் நுரையீரல் மாற்றுப் பெற்றவர்களுக்கு அது ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இடைநிலை என்றால் சராசரி அன்று. நூறு பேரை வாழ்ந்த கால வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் அது. அந்த நாளில் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அதன்பின் இருபது ஆண்டுகூட வாழ்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றுக்குப் பிந்தைய மரணங்கள் காலம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை; முதல் ஆண்டில், அதிலும் முதல் சில மாதங்களில், குவிந்திருக்கின்றன. புதிய உறுப்பு உடனே சரியாக வேலை செய்யாமல் போவது, தொற்று, இரத்தப்போக்கு ஆகியவை அந்தக் காலத்தின் ஆபத்துகள். அந்த ஓராண்டைக் கடந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் இதயத்துக்கான இடைநிலை 14 ஆண்டைத் தாண்டுகிறது, நுரையீரலுக்கு 8 ஆண்டைத் தாண்டுகிறது. 12 ஆண்டு உயிர்வாழ்வை 2002-இல் சிகிச்சை பெற்றவரிடமிருந்துதான் அறிய முடியும் என்பதால், இன்று அச்சில் இருக்கும் நீண்டகால எண் எப்போதும் நேற்றைய மருத்துவத்தின் எண்ணாகவே இருக்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி, நுரையீரல் ஏன் பின்தங்குகிறது என்பது. இதயம் உடலுக்குள் மூடி வைக்கப்பட்ட உறுப்பு. நுரையீரல் அப்படியன்று, ஒவ்வொரு மூச்சிலும் அது வெளியுலகத்துடன் நேரடியாகத் தொடர்பு கொள்கிறது. தூசி, வைரஸ், பூஞ்சை வித்து, புகை, போதாததற்கு இரைப்பையிலிருந்து எதுக்களித்து வரும் அமிலம், எல்லாம் அதன் உட்பரப்பைத் தொடுகின்றன. அங்கே தடுப்பாற்றல் அணுக்கள் எப்போதும் விழித்தே இருக்கும். மாற்றுப் பெற்றவருக்கு அந்த அணுக்களை மருந்தால் அடக்கியே ஆக வேண்டும். அதிகமாக அடக்கினால் தொற்று உள்ளே வரும். குறைவாக அடக்கினால் உடல் உறுப்பை ஏற்காமல் தாக்கும். ஒரு தொற்று வந்துபோனாலே தாக்குதல் தூண்டப்படுவதும் உண்டு. இதயத்துக்கும் இதே இழுபறி இருக்கிறது, ஆனால் அதற்கு இடம் கொஞ்சம் அகலம்.

அறுவை முறையிலேயே நுரையீரலுக்கு இரண்டு குறைகள் சேர்கின்றன. மூச்சுக்குழாய்களின் சுவருக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகளை வழக்கமாக யாரும் மீண்டும் இணைப்பதில்லை. ஆகவே தைத்த இடத்துக்கு இரத்த ஓட்டம் சுற்றுவழியாகவே வந்து சேர வேண்டியிருக்கிறது. நரம்புகளும் அறுபடுகின்றன. தையலுக்குக் கீழே சளி தேங்கினால் இருமல் தானாக எழாது. நோயாளி நினைத்து இருமிக் கற்றுக்கொள்ள வேண்டும். தொண்டையில் ஏதாவது சிக்கினால் உடனே இருமுகிறவர், தன் புதிய நுரையீரலுக்குள் சளி நிறைந்தபோது ஒன்றும் உணராமல் உட்கார்ந்திருப்பார்.

நீண்ட காலத்தில் கழுத்தைப் பிடிப்பது நாட்பட்ட செயலிழப்பு. நுண்ணிய மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறி ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது தொடங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. கையடக்கமான ஊதுகருவியில் மூச்சை முழுவதும் இழுத்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறியது என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். மாற்றுக்குப் பின் அவர் எட்டிய மிகச் சிறந்த இரண்டு அளவுகளின் சராசரி, அவருக்கே உரிய அடிப்படை. அதில் 80 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இறங்கி, வேறு காரணம் எதுவும் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டால், நாட்பட்ட செயலிழப்பு என்று பெயர் வைக்கிறார்கள். 3 லிட்டர் ஊதியவர் 2.4 லிட்டருக்கு வந்தால் எல்லைக்கோடு. நடக்கும்போது மூச்சு வாங்குவதை அவர் உணர்வதற்கு முன்பே காகிதத்தில் அது தெரிந்துவிடும், ஆனால் தெரிந்தபின் அதைத் திருப்பும் மருந்து இன்றுவரை இல்லை. இறக்கத்தின் வேகத்தைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தி வைக்கலாம். 1990-களில் 5 ஆண்டுக்குள் இருந்த இடைநிலை இன்று 7-ஐ நெருங்குவதில் பெரும்பகுதி முதல் ஆண்டின் மரணங்கள் குறைந்ததால் கிடைத்த ஆதாயமே. அதற்குப் பிந்தைய சரிவு அவ்வளவாக மாறவில்லை. இத்துறையின் உண்மையான தோல்வி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இதயத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. மாற்றப்பட்ட இதயத்தின் தமனிகள் நீளவாட்டில் உள்சுவர் தடித்துச் சுருங்குகின்றன. வழக்கமான மாரடைப்பு நோயில் அங்கங்கே அடைப்பு இருக்கும். இங்கே குழாய் முழுவதுமே ஒடுங்குவதால் ஸ்டென்ட் வைத்தும் பைபாஸ் செய்தும் பயன் குறைவு. போதாததற்கு, நரம்பு அறுபட்ட இதயம் பெரும்பாலும் வலியைச் சொல்வதில்லை. மாற்று இதயம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும்; மாடிப்படி ஏறினால் உடனே வேகம் கூடாது, இரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே கூடும், உட்கார்ந்த பிறகும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மார்பு வலி என்ற எச்சரிக்கை மணி இல்லாததால் ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது.

இந்த நோய்க்கு எதிராகக் கிடைத்த முதல் நல்ல ஆயுதங்களில் ஒன்று விலை குறைந்த, பழகிய மாத்திரை என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் இதய மாற்றுப் பெற்ற 97 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் பிரவஸ்டாட்டினைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவில் 94 விழுக்காட்டினரும் மற்றப் பிரிவில் 78 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். கொழுப்பைக் குறைத்ததால் மட்டும் இவ்வளவு வேறுபாடு வந்திருக்காது, தடுப்பாற்றலையும் அது தொட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 97 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் குலுக்கல் முறையில் பிரித்தது என்பதால் அந்தச் சிறிய ஆய்வுக்கு, ஆயிரக்கணக்கானோரின் பழைய கோப்புகளைப் புரட்டி எழுதப்பட்ட பல ஆய்வுகளைவிட எடை அதிகம்.

ஏன் அதிகம் என்று விளக்கச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1963 ஜூன் மாதம் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்றைச் செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்றைச் செய்தார்; அந்த நோயாளியும் 18 நாளே வாழ்ந்து நிமோனியாவில் இறந்தார். தற்செயலான ஒற்றுமைதான், என்றாலும் அன்றைய நிலையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தைக்கத் தெரிந்திருந்தது, தைத்ததைக் காப்பாற்றத் தெரியவில்லை. 1968-இல் உலகெங்கும் சுமார் நூறு இதய மாற்றுகள் நடந்தன. பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் இறந்ததால் அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் கதவை மூடின. ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வேயின் குழு மட்டும் விடாமல் தொடர்ந்தது. கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் முறை 1973-இல் அங்கேதான் உருவானது. நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட, தடுப்பாற்றலை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் 1980-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த பிறகே மற்ற மையங்கள் திரும்பி வந்தன. டொரண்டோவில் ஜோயல் கூப்பரின் குழு 1983-இல் செய்த ஒற்றை நுரையீரல் மாற்றுதான் நோயாளியை ஆண்டுக்கணக்கில் வாழவைத்த முதல் வெற்றி.

அந்த இருண்ட இடைக்காலத்தில்தான் நான் சொல்ல வந்த கணக்குப் பிழை நடந்தது. 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் வெளியான ஆய்வுகள், இதய மாற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் இதயம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு, கிடைத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள், ஆகவே சிகிச்சை ஆயுளை நீட்டிக்கிறது என்று எழுதின. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்துப் பேர் ஒரே நாளில் பட்டியலில் சேர்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்களுடைய நோயின் போக்குப்படி முதலாமவர் 10-ஆம் நாளும் இரண்டாமவர் 20-ஆம் நாளும் என்று வரிசையாகப் பத்தாமவர் 100-ஆம் நாளும் இறப்பார்கள். மாற்றுச் சிகிச்சையால் ஒரு நாள்கூடக் கூடாது, ஒரு நாள்கூடக் குறையாது என்றும் வைத்துக்கொள்வோம். 45-ஆம் நாள் உயிரோடு இருப்பவர்கள் அனைவருக்கும் இதயம் கிடைக்கிறது. அதற்குள் நால்வர் இறந்துவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்தது சராசரி 25 நாள். இதயம் கிடைத்த அறுவரும் வாழ்ந்தது சராசரி 75 நாள். ஒன்றுமே செய்யாத ஒரு சிகிச்சை ஆயுளை மூன்று மடங்காக்கிவிட்டது போலக் காகிதத்தில் தோன்றுகிறது. காரணம் எளியது: இதயம் பெறுவதற்கே 45 நாள் உயிரோடு இருக்க வேண்டும். சீக்கிரம் இறக்கவிருந்தவர்கள் எல்லோரும் தாமாகவே மறுபக்கத்தில் போய் விழுந்துவிட்டார்கள். தொடக்க நாளிலேயே குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

இதை 1972-இல் புள்ளியியலாளர் மிட்செல் கெயில் சுட்டிக்காட்டினார். 1974-இல் நேதன் மேன்டலும் டேவிட் பயாரும் அதற்கு மாற்று வழியைச் சொன்னார்கள்: ஒருவரைத் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் நிறுத்திவிடாமல், இதயம் கிடைக்கும் நாள் வரை அவரைக் காத்திருப்போர் கணக்கிலும், அந்த நாளிலிருந்து மாற்றுப் பெற்றோர் கணக்கிலும் வைத்து, ஒவ்வொரு மரணம் நேரும் நாளிலும் அன்று உயிரோடிருந்தவர்களில் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1977-இல் ஜான் கிரவுலியும் மேரி ஹூவும் ஸ்டான்ஃபோர்டின் 103 பேரை, அவர்களில் மாற்றுப் பெற்ற 69 பேரை, இவ்வாறு மறுகணக்கிட்டார்கள். முன்பு பளிச்சென்று தெரிந்த பலன் மங்கிவிட்டது. வயது குறைந்தவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்ற அளவில் கணக்கு நின்றது. அந்த 103 பேரின் தரவு இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் உயிர்வாழ்வுத் தொகுப்புடன் சேர்ந்தே வருகிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் இறந்தவர்களின் நாள்கணக்கை வைத்து இன்றைய மாணவர்கள் எண்ணக் கற்றுக்கொள்கிறார்கள். நானும் அதிலேதான் கற்றேன்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2018 அக்டோபரில் அமெரிக்கா இதயங்களைப் பங்கிடும் விதியை மாற்றி, மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை தந்தது. புதிய விதியின் கீழ் மாற்றுக்குப் பிந்தைய உயிர்வாழ்வு குறைந்துவிட்டதாக முதலில் வெளியான சில ஆய்வுகள் சொல்லின. பிறகு நீண்ட பின்தொடர்தல் கிடைத்தபோது வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. காரணங்களில் ஒன்று வெறும் அலுவலகக் காரணம். இறப்பு உடனே பதிவாகிறது. உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியோ ஆறாம் மாதப் படிவமும் ஓராண்டுப் படிவமும் வந்த பிறகே பதிவேட்டில் ஏறுகிறது. இடையில் அவசரமாகக் கணக்கை மூடினால் இறந்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள், வாழ்கிறவர்களில் பலரின் பின்தொடர்தல் பாதியில் நிற்கும்.

கேள்வி கேட்டவருக்கு மிகவும் தேவையானது அடுத்த பகுதி. மாற்றுக்குப் பின் எத்தனை ஆண்டு என்ற கேள்வியைத் தனியாகக் கேட்பதில் பொருள் குறைவு. மாற்று இல்லாவிட்டால் எத்தனை ஆண்டு என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் செய்தது. நுரையீரல் மாற்றுக்குக் காத்திருந்தவர்களை நோய்வாரியாகப் பிரித்து, காத்திருந்தபோது இருந்த மரண அபாயத்தையும் மாற்றுக்குப் பிந்தைய அபாயத்தையும் ஒப்பிட்டது. நுரையீரல் தழும்பேறும் நோய் உள்ளவர்களுக்கும், பிறவியிலேயே சளி கெட்டியாகித் தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் உள்ளவர்களுக்கும் மாற்று ஆயுளைக் கூட்டியது. நுரையீரல் காற்றறைகள் சிதைந்த எம்ஃபிசிமா நோயாளிகளுக்கு ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை; அவர்கள் மாற்று இல்லாமலே, மூச்சுத் திணறலோடு என்றாலும், நீண்ட காலம் காத்திருக்கக்கூடியவர்கள். அதனால் அவர்களுக்கு மாற்று வேண்டாம் என்று பொருளில்லை. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்கும் ஒருவருக்கு, ஆக்சிஜன் உருளை இல்லாமல் மூன்று ஆண்டு நடமாடுவது ஆயுள் கூடாவிட்டாலும் பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பலனை உயிர்வாழ்வு என்ற எண்ணுக்குள் தேடக்கூடாது.

இந்தப் புரிதல் பங்கீட்டு விதியிலும் இடம்பெற்றது. அமெரிக்காவில் 2005 மே வரை நுரையீரல்கள் முக்கியமாகக் காத்திருந்த காலத்தை வைத்தே கொடுக்கப்பட்டன. அதன் பிறகு, மாற்று இல்லாவிட்டால் அடுத்த ஓராண்டில் இறக்கும் அபாயம், மாற்றுக்குப் பின் கிடைக்கும் பலன் இரண்டையும் சேர்த்த மதிப்பெண் வந்தது. காத்திருப்போரின் மரணம் குறைந்தது; தழும்பேறும் நோய் உள்ளவர்களின் பங்கு உயர்ந்தது; முன்பைவிட நலிந்தவர்கள் அறுவைக்கு வந்தும் ஓராண்டு உயிர்வாழ்வு சரியவில்லை. ஆனால் ஒட்டுமொத்த இடைநிலையைப் பார்ப்பவருக்கு இந்த முன்னேற்றம் கண்ணில் படாது. வயதானவர்களையும் நலிந்தவர்களையும் அதிகமாகச் சேர்த்துக்கொண்ட பிறகும் எண் கீழே போகாமல் நிற்கிறது என்பதே இங்கு செய்தி. இளைய வயதினரான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் எண்ணும் அறுபதைக் கடந்த தழும்பு நோயாளிகளின் எண்ணும் கலந்த ஒரே இடைநிலை, இருவருக்குமே பொருந்தாது.

மாற்று அல்லாத இதய, நுரையீரல் அறுவைகளிலும் ஒப்பீடும் கால அளவும் முடிவைப் புரட்டிப்போடுவதைக் காணலாம். பம்ப் செய்யும் திறன் குறைந்த இதயம் உள்ள 1,212 பேரிடம், மருந்துடன் பைபாஸ் சேர்ப்பதால் பலன் உண்டா என்று பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானபோது மரணத்தில் வேறுபாடு உறுதிப்படவில்லை: பைபாஸ் சேர்ந்தவர்களில் 36 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 41. அதே நபர்களைப் பத்தாண்டு வரை பின்தொடர்ந்து 2016-இல் எழுதியபோது 58.9 எதிர் 66.1, வேறுபாடு உறுதியானது. அறுவையின் விலையை முதல் மாதத்திலேயே கொடுக்க வேண்டியிருக்கிறது, பலனோ ஆண்டுகள் கழித்தே வரவாகிறது. இடையில் எந்த நாளில் பேரேட்டை மூடுகிறோம் என்பதைப் பொறுத்து இலாபமும் நட்டமும் மாறும். எம்ஃபிசிமாவில் சிதைந்த பகுதியை வெட்டிக் குறைக்கும் அறுவையை 1,218 பேரிடம் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு இன்னொரு பாடம்: எல்லோரையும் சேர்த்தால் ஆயுளில் பலன் இல்லை; சிதைவு மேல்மடல்களில் குவிந்து, உடல் உழைப்புத் திறனும் குறைந்திருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெளிவாக இருந்தது.

இப்போது ஆய்வின் சுறுசுறுப்பெல்லாம் வேறோர் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. கொடையாளர் உடலிலிருந்து எடுத்த உறுப்பு பெறுநரை அடையும் வரையிலான சில மணி நேரம் அது. பல பத்தாண்டுகளாக முறை ஒன்றுதான்: குளிர்ந்த கரைசலால் அலசி, பைகளில் இட்டு, பனிக்கட்டி நிறைத்த பெட்டியில் வைத்துக்கொண்டு விரைவது. இதயத்துக்கு நான்கு மணி நேரம், நுரையீரலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் என்பது எழுதப்படாத எல்லை. அந்த எல்லைதான் எந்த ஊரின் உறுப்பு எந்த ஊருக்குப் போகலாம் என்பதையும், நள்ளிரவில் களைத்த குழு அறுவையைத் தொடங்க வேண்டுமா என்பதையும் முடிவு செய்தது. டொரண்டோ குழு பனிக்கட்டியின் வெப்பநிலைக்குப் பதில் 10 டிகிரி செல்சியஸில் நுரையீரலை வைத்துப் பார்த்தது. அணுக்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் அந்த வெப்பநிலையில் நன்றாகவே தாங்கின. 12 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்த நுரையீரல்களும் சிறப்பாக வேலை செய்தன. நள்ளிரவில் வந்த உறுப்பைக் காலையில் பொருத்தலாம் என்பது கேட்பதற்குச் சிறிய மாற்றம். அறுவை அரங்கில் நின்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

அதே டொரண்டோவில் 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஐயத்துக்குரிய நுரையீரல்களை ஒளிபுகும் குவிமாடத்தின் கீழ் வைத்து, உடல் வெப்பநிலையில் கரைசலை ஓடவிட்டு, வென்டிலேட்டரால் மூச்சு கொடுத்து நான்கு மணி நேரம் கவனித்தது. உடலுக்கு வெளியே தனியாக மூச்சு விடும் நுரையீரலைப் பார்ப்பவர் எளிதில் மறக்கமாட்டார். அப்படித் தேறிய 20 நுரையீரல்களைப் பொருத்தியபோது, மூன்று நாளில் நடுத்தர அல்லது கடும் செயலிழப்பு 15 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. வழக்கமான முறையில் பெற்ற 116 பேரில் அது 30 விழுக்காடு. எண்ணிக்கை சிறியது என்பதால் இரண்டும் சமம் என்று மட்டுமே சொல்லலாம். ஆனால் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய உறுப்பு சமமாக வேலை செய்தது என்பதே போதுமான முடிவு.

இதயத்தில் இதற்கு இணையான மாற்றம், துடிப்பு நின்ற பின் இறந்தவரிடமிருந்து இதயம் பெறுவது. நெடுங்காலம் மூளைச்சாவு அடைந்தவரின் துடிக்கும் இதயமே பெரும்பாலும் எடுக்கப்பட்டது. 2014-இல் சிட்னியில் ஒரு குழு, நின்றுபோன இதயத்தை வெளியே இயந்திரத்தில் இரத்தம் ஓடவிட்டு மீண்டும் துடிக்கவைத்துப் பொருத்தியது. 2023-இல் வெளியான குலுக்கல் முறை ஆய்வில் இவ்வகை இதயம் பெற்றவர்களின் ஆறு மாத உயிர்வாழ்வு 94 விழுக்காடு, வழக்கமான இதயம் பெற்றவர்களுக்கு 90. புதிய முறையே மேல் என்று இதிலிருந்து எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது தவறு. குலுக்கலில் யாருக்கு எது விழுந்தது என்பதன்படி அல்லாமல், உண்மையில் யாருக்கு எந்த இதயம் கிடைத்தது என்பதன்படி முதன்மைக் கணக்கு போடப்பட்டது. வழக்கமான இதயங்கள் அதிக நலிவுற்றவர்களுக்குப் போயின. புதிய முறை வழக்கமானதைவிடத் தாழ்ந்ததன்று என்று மட்டும்தான் அந்த ஆய்வு நிறுவியது. ஆய்வாளர்களும் அதற்கு மேல் கோரவில்லை. பன்றி இதயங்களைப் பற்றியும் கேட்பார்கள்: 2022 ஜனவரியில் மேரிலாந்தில் மரபணு மாற்றிய பன்றி இதயம் பெற்றவர் சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். பர்னார்டின் 18 நாளைப் போலவே அது தொடக்கம். இன்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அதில் எதுவும் இல்லை.

உங்கள் உறவினருக்கு வருவோம். அவருடைய நோய் தழும்பேறும் வகை என்பதால், மாற்று இல்லாத பாதையே அவருக்குக் குறுகியது; ஆறேழு ஆண்டு என்ற எண்ணை இதயத்தின் 12 ஆண்டோடு ஒப்பிடுவதை விட்டுவிடலாம், ஏனெனில் அவருக்கு முன்னால் அந்தத் தேர்வு இல்லை. மையத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. அவருடைய வயதிலும் நோயிலும் உள்ளவர்கள் அங்கே எத்தனை பேர் மாற்றுப் பெற்றார்கள், ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உறுப்பு கிடைக்கும் முன்பே இறந்தார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த எண்ணைச் சேர்க்காமல் சொல்லப்படும் வெற்றி விகிதம், மேலே சொன்ன பத்துப் பேர் கணக்கில் முதல் நால்வரை விட்டுவிட்டதற்குச் சமம். ஒற்றை நுரையீரலா இரட்டையா என்ற பேச்சு வந்தால், இரட்டை பெற்றவர்களின் எண் மேலாகத் தெரிவதில் ஒரு பகுதி, அவர்கள் இளையவர்களாக இருப்பதால் வருவது என்பதை நினைவில் வையுங்கள்.

காத்திருக்கும் காலத்தையும் வெறும் காத்திருப்பாக விட வேண்டாம். தொடை வலுவும் உடல் எடையும் அறுவைக்குப் பின் ஐசியூவில் எத்தனை நாள் என்பதைப் பாதிப்பவை, அவற்றை இப்போதே கவனிக்க முடியும். கடந்த ஆறு மாதங்களில் ஆறு நிமிட நடையில் அவர் கடந்த தூரமும், அப்போது தேவைப்பட்ட ஆக்சிஜன் அளவும், ஊதுகருவியின் முடிவுகளும் எப்படி மாறியிருக்கின்றன என்பதைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; பெயரை எப்போது பட்டியலில் சேர்ப்பது என்பதை உலகப் பதிவேட்டின் இடைநிலையைவிட அந்தத் தாளே தெளிவாகக் காட்டும்.